எல்லாருமே கொள்ளிக்கட்டை என்றால் ஜனாதிபதித் தேர்தலில் எப்படி வாக்களிப்பது?

ஜனாதிபதித் தேர்தல் அறிவித்தவுடன் நெடுங்கேணியிலும் மாங்குளத்திலும் தேத்தண்ணிக் கடைகளில் வரும் முதல் பேச்சு, "எரியிற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?" என்பதுதான். வன்னிச் சனம் இப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2010 ஜனவரி 26 அன்று வாக்குச்சீட்டில் இருந்த பெரிய பெயர்கள் இரண்டு: போரை நடத்திய அரசின் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச, போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்தவர்களும், வெளியே வந்து சில மாதமே ஆனவர்களும் இந்த இரண்டு பேரில் ஒருவரைத் தெரிய வேண்டியிருந்தது. வன்னித் தேர்தல் மாவட்டத்தில் பதிவான வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு பொன்சேகாவுக்குப் போனது.

அடுத்த தேர்தல் 2029 இல் வர வேண்டியது. ஆனால் முதல் பதவிக்காலத்தில் இருக்கும் ஜனாதிபதி, நான்கு வருடம் முடிந்தபின் எப்போதும் முன்கூட்டியே தேர்தல் கேட்கலாம். எனவே கீழே சொல்வதை இப்போதே தொடங்கினாலும் வீண்போகாது.

முதலில் ஒரு கொப்பித் தாள்

வேட்பாளர்களின் முகத்தைப் பார்க்கும் முன் உங்கள் வீட்டைப் பாருங்கள். ஒற்றைத் தாளில் உங்கள் குடும்பத்தைச் சுடுகிற விடயங்கள் ஐந்தை எழுதுங்கள். பத்து எழுதினால் எல்லாருக்கும் ஏதோவொன்றில் புள்ளி விழும், தாள் பயன்படாது. கேப்பாப்புலவில் படையினர் கையில் இருக்கும் காணி, வனவளத் திணைக்களம் எல்லைக்கல் நட்ட வயல், 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போராட்டப் பந்தலில் இருக்கும் தாய்மாரின் கேள்வி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே இருக்கும் மகன், உரம், கொக்கிளாய்க் கடல் என்று வீட்டுக்கு வீடு இது வேறுபடும். வேறுபடட்டும். அடுத்த வீட்டுத் தாளைப் பார்த்து எழுதினால் உங்கள் வாக்கும் அடுத்த வீட்டு வாக்காகிவிடும்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் நேரே, அதைச் செய்யும் பேனா யார் கையில் இருக்கிறது என்று எழுதுங்கள். பெரும்பாலானோர் விடும் படி இதுதான். பொய் வாக்குறுதியில் பாதி இந்த இடத்திலேயே உதிர்ந்துவிடும்.

ஜனாதிபதி தனியாகவே ஒப்பமிடக்கூடியவை சில உண்டு. வட மாகாண ஆளுநரை அவரே நியமிக்கிறார். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்து, பிறகு தேர்தலே நடக்காததால், மாகாணத்தின் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வீதி, ஊழியர் இடமாற்றம் எல்லாம் இந்த ஒரு நியமனத்தில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. முப்படைத் தளபதியும் அவர்தான். முகாம் எங்கே இருக்க வேண்டும், எந்தக் காணியை விட வேண்டும் என்று சொல்ல அவருக்குப் பாராளுமன்றம் தேவையில்லை. பாதுகாப்பு அமைச்சும் அவர் கையில் இருக்கும்போது, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் தடுப்புக் கட்டளையும் அவர் மேசைக்கே வரும். அமைச்சுச் செயலாளர்கள், பாராளுமன்றத்தை இரண்டரை வருடத்துக்குப் பின் கலைப்பது, பொதுமன்னிப்பு ஆகியவையும் இதே வகை. மன்னிப்பு எவ்வளவு பெரிய அதிகாரம் என்று தெரிய 2020 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். மிருசுவில் படுகொலை வழக்கில் மரண தண்டனை பெற்று, உயர் நீதிமன்றமும் உறுதிசெய்த இராணுவச் சார்ஜன்ட் ஒரே கையெழுத்தில் வீட்டுக்குப் போனார்.

அமைச்சர் ஒப்பமிடுபவை அடுத்த வகை. வன ஒதுக்கு, தொல்பொருள், காணி வர்த்தமானிகள் பலவும் இதற்குள் அடங்கும். 2025 மார்ச் 28 அன்று வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணியை நிர்ணயம் செய்வதாக வந்த வர்த்தமானியில் முல்லைத்தீவின் பங்கு மட்டும் 1,700 ஏக்கர் அளவு. எதிர்ப்புக்குப் பிறகு அது மீளப்பெறப்பட்டது. இவற்றில் ஜனாதிபதி கைபோடாவிட்டாலும், அமைச்சரை வைப்பவரும் மாற்றுபவரும் அவர். அதனால் வேட்பாளரோடு மேடையில் யார் நிற்கிறார், யாருக்கு எந்த அமைச்சு என்று பேச்சு அடிபடுகிறது என்பதையும் தாளில் குறியுங்கள்.

மூன்றாவது வகை பாராளுமன்றம் கைதூக்க வேண்டியவை. தடைச் சட்டத்தை நீக்குவது, மாகாண சபைத் தேர்தல் முறையைத் திருத்துவது, புதிய அரசியலமைப்பு. கடைசியாகச் சொன்னதற்கு மூன்றில் இரண்டு வேண்டும், அதிகாரப் பகிர்வின் அடிப்படையில் கைவைத்தால் மக்கள் தீர்ப்பும் வேண்டும். வவுனியா மேடையில் ஒருவர் "வந்து ஆறு மாதத்தில் தீர்வு தருவேன்" என்றால், அவருக்குப் பாராளுமன்றத்தில் எத்தனை கை இருக்கிறது என்று கேளுங்கள். தீர்வைப் பற்றி வாயே திறக்காமல், "கேப்பாப்புலவுக் காணியை இந்தத் திகதிக்குள் விடுவேன்" என்று சொல்பவர், தான் உண்மையில் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறார். அதற்கு இரட்டை மதிப்பு வைக்கலாம்.

குறைகளைத் தரம்பிரிப்பது

எல்லா வேட்பாளரிடமும் குறை உண்டு. எல்லாக் குறையும் ஒரே நிறை இல்லை. ஒருவர் கட்சி தாவினவர், இன்னொருவர் சோம்பேறி, மற்றவர் மச்சானுக்கும் மருமகனுக்கும் பதவி கொடுத்தவர், நாலாமவர் முகாமும் கைதும் பெருகக் காரணமாக இருந்தவர். நிறுக்கும்போது கேட்க வேண்டியது ஒன்று: இந்தக் குறை, மேலே சொன்ன தனி ஒப்பங்களோடு சேர்ந்தால் என்ன ஆகும்? கட்சி தாவினவர் ஆளுநரை நியமிப்பதால் உங்களுக்குப் பெரிய கேடில்லை. ஆலோசனையே கேளாமல் முடிவெடுக்கிற பழக்கம் மேடையில் துணிச்சலாகத் தெரியும், வயலில் வேறுவிதமாகத் தெரியும். 2021 இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்த முடிவு முத்தையன்கட்டுக் கமக்காரனையும் கட்டுக்கரைக் கமக்காரனையும் அந்தக் காலபோகத்தில் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஐந்து விடயங்களுக்கும் நேரே ஒவ்வொரு வேட்பாளருக்கும் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: செய்தார், சொன்னார், வாய்திறக்கவில்லை. நல்லதோ கெட்டதோ, செய்ததற்கு இரண்டு புள்ளி, சொன்னதற்கு ஒன்று. நல்லதைக் கூட்டி, கெட்டதைக் கழியுங்கள். பதவியில் இருந்த காலத்தில் செய்ததுதான் செய்தது. எதிர்க்கட்சியில் இருக்கும்போது எல்லாருக்கும் தமிழர் மேல் பாசம் வரும். புதிய முகமாக இருந்து எதையும் செய்யாதவருக்கு, அவர் கட்சி பாராளுமன்றத்தில் எப்படி வாக்களித்தது என்று பாருங்கள். பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சார்ட் பாராளுமன்ற இணையத்தளத்தில் இருக்கிறது. திகதி தெரிந்தால் ரியூசனுக்குப் போகும் பிள்ளை பத்து நிமிடத்தில் எடுத்துத் தரும்.

சொன்னதைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. ஒரே வாரத்தில் அவர் வவுனியாவில் பேசியதையும், அநுராதபுரத்திலோ மாத்தறையிலோ பேசியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். இரண்டும் இப்போது யூரியூப்பில் கிடைக்கும். சிங்களம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். மதவாச்சியைத் தாண்டியதும் காணாமற்போகிற வாக்குறுதிக்கு அந்த ஒரு புள்ளியும் வேண்டாம். சொத்து விபரம் பார்ப்பது இன்னும் லேசு. 2023 இன் ஊழல் எதிர்ப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்பாளர்கள் வேட்புமனுவோடு சொத்துப் பிரகடனம் கொடுக்க வேண்டும். 2024 இல் தேர்தல் ஆணைக்குழு அவற்றை வெளியிட்டது.

எம்.பி.மார் சொல்வதைக் கேட்டு வாக்களிப்பது பற்றியும் ஒரு சொல். 2024 இல் தமிழரசுக் கட்சி வவுனியாவில் கூடி சஜித் பிரேமதாசவை ஆதரிக்க முடிவெடுத்தது. அதே கட்சியின் சிலர் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்காக மேடை ஏறினார்கள். ஒரு கட்சிக்குள்ளேயே இரண்டு சொல் வரும்போது அதை நம்பி உங்கள் தாளைக் கிழித்துப் போட வேண்டாம். "அவரோடு பேசி எழுதி வாங்கிவிட்டோம்" என்று எம்.பி. சொன்னால், எழுதின தாளைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத ஒப்பந்தம் தாளில் பூச்சியம்.

கடைசியாகத் தாளின் அடியில் ஒரு கோடு கிழித்து, எதைச் செய்தவருக்கு எந்தக் கணக்கிலும் வாக்கில்லை என்று எழுதுங்கள். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கோடு அதிகமானால் எல்லாரும் அதற்குக் கீழே போய்விடுவார்கள், நீங்கள் வீட்டிலே இருந்துவிடுவீர்கள். வீட்டில் இருப்பதற்கும் விலை உண்டு. 2005 நவம்பரில் புலிகளின் புறக்கணிப்பின்போது, கிளிநொச்சி அடங்கிய யாழ். தேர்தல் மாவட்டத்தில் 1.2 வீதமளவே வாக்களிப்பு நடந்தது. வன்னியில் மூன்றில் ஒரு பங்கு. மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவை வென்றது 180,786 வாக்குகளால். அது நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கலாம், ஆனால் போடாத வாக்கும் எண்ணிக்கையில் வேலை செய்தது என்பதில் சண்டைக்கு இடமில்லை.

1, 2, 3: பலர் வீணாக்குகிற இடம்

இந்தத் தேர்தலில் உங்களுக்கு மூன்று தெரிவு இருக்கிறது. பிடித்தவர் வெல்ல மாட்டார், வெல்லக்கூடியவரைப் பிடிக்காது என்ற சிக்கலுக்கு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் எடுத்துக் குடிப்பவர் குறைவு.

எண்ணும் விதம் இதுதான். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ஒருவர் எடுத்தால் கதை முடிந்தது, 2 உம் 3 உம் யாரும் பார்க்க மாட்டார்கள். எடுக்காவிட்டால் முதல் இரண்டு பேரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களுக்கு 1 போட்ட சீட்டுகளை மட்டும் திரும்ப எடுத்து, 2 அந்த இரண்டு பேரில் ஒருவருக்கு இருந்தால் அவர் கணக்கில் சேர்ப்பார்கள். 2 வேறு ஒருவருக்கு இருந்தால் 3 ஐப் பார்ப்பார்கள். அதுவும் வேறு ஒருவருக்கானால், அல்லது எதுவுமே எழுதப்படாவிட்டால், அந்தச் சீட்டு அத்துடன் வெளியே.

2024 செப்டெம்பர் 21 தேர்தலில்தான் முதன்முறையாக இந்த இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. அநுர குமார திசாநாயக்க 5,634,915, சஜித் பிரேமதாச 4,363,035. இடைவெளி 1,271,880. மற்ற எல்லா வேட்பாளருக்கும் சேர்த்து விழுந்தவை 33 இலட்சத்து 21 ஆயிரத்துக்கு மேல், அதாவது இடைவெளியைப் போல் இரண்டரை மடங்கு. இவற்றிலிருந்து இரண்டாம் எண்ணிக்கையில் அநுரவுக்குச் சேர்ந்தது 105,264, சஜித்துக்கு 167,867. இரண்டும் கூட்டினால் 273,131. மிச்சம் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள், யார் ஜனாதிபதி என்ற கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே பெட்டிக்குள் போயின. வன்னியில் சஜித் முதலாவது, ரணில் இரண்டாவது, அரியநேத்திரன் மூன்றாவது, அநுர நாலாவது. ரணிலுக்கும் அரியநேத்திரனுக்கும் போட்ட வன்னிச் சீட்டுகள் அத்தனையும் மீண்டும் திறந்து பார்க்கப்பட்டவை என்பதைக் கவனியுங்கள்.

இனி எப்படி நிரப்புவது. உங்கள் தாளில் அதிக புள்ளி வாங்கியவர் வெல்ல வாய்ப்பில்லாதவர் என்றாலும் 1 ஐ அவருக்கே போடுங்கள். போட்டி இரண்டு பெரிய ஆட்களுக்கு இடையில் என்றால், அவர்களில் கேடு குறைந்தவருக்கு 2 போதும். பெரிய ஆட்கள் மூன்று பேர், யார் மூன்றாவதாகத் தள்ளப்படுவார் என்று தெரியாது என்றால், அந்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு 2 உம் 3 உம் போடுங்கள். மூவரில் இருவர்தான் கடைசிவரை நிற்பார்கள் என்றால், நீங்கள் எழுதிய இருவரில் ஒருவராவது அங்கே இருப்பார். உங்கள் சீட்டு எந்த நிலையிலும் சாகாது. இலக்கம் கிடைக்காமல் விடப்படும் மூன்றாமவர், உங்கள் கோட்டுக்குக் கீழே போனவராக இருக்கட்டும்.

"2 போட்டால் 1 இன் பலம் குறையும்" என்று ஒவ்வொரு தேர்தலிலும் மைக் கட்டிச் சொல்வார்கள். குறையாது. உங்கள் 1 முதல் இரண்டு பேரில் ஒருவராக வந்தால் உங்கள் 2 ஐ யாரும் பார்ப்பதே இல்லை. நீக்கப்பட்டால் மட்டும்தான் 2 உயிர் பெறும். "எங்கட ஆளுக்கு மட்டும் போடுங்கோ, வேறொருத்தருக்கும் வேண்டாம்" என்று கேட்பவர் தன் கட்சிக்காகக் கேட்கிறார்.

கோபத்தில் சீட்டைப் பழுதாக்குவதும் சிலர் வழி. பழுதான சீட்டு செல்லுபடியான மொத்தத்தில் சேராது. மொத்தம் குறைந்தால் பாதி என்ற கோடும் கீழே இறங்கும். முன்னணியில் நிற்பவருக்குத்தான் வசதி.

சீட்டில் கை வைக்கும்போது

2024 இல் நிராகரிக்கப்பட்டவை 300,300. கோபத்தில் பழுதாக்கியவையும் இதற்குள் இருக்கும். தெரியாமல் பழுதாவதற்கு ஒரு பெரிய காரணம் பழக்கம். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு மூன்று விருப்பு இலக்கத்துக்கும் புள்ளடி. அதே கையோடு ஜனாதிபதிச் சீட்டிலும் மூன்று புள்ளடி போட்டால் சீட்டு போய்விட்டது. இங்கே இலக்கம் எழுத வேண்டும்: 1, விரும்பினால் 2, 3. ஒரே ஒருவருக்கு நேரே ஒரு புள்ளடி மட்டும் போட்டாலும் அது முதல் தெரிவாக எண்ணப்படும். ஆனால் புள்ளடியையும் இலக்கத்தையும் ஒரே சீட்டில் கலக்க வேண்டாம். 1 இல்லாமல் 2 மட்டும் எழுதினாலும், இருவருக்கு 1 எழுதினாலும் செல்லாது. சரி அடையாளம், பெயர், கையெழுத்து, திட்டு, வாழ்த்து ஒன்றும் வேண்டாம்.

பெயர்கள் சிங்கள அகரவரிசையில் இருக்கும். தமிழ் வரிசையில் தேடினால் குழம்பும். 2019 இல் 35 பேர், சீட்டு 26 அங்குல நீளம். 2024 இல் வேட்புமனு ஏற்கப்பட்டவர்கள் 39 பேர். ஒத்த சின்னங்களும் இருக்கும். எனவே மூன்று பேரின் சின்னத்தையும் முன்கூட்டியே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்குக் கொப்பித் தாளில் பத்துக் கட்டம் கீறி, சின்னம் வரைந்து, இரண்டு மூன்று தரம் எழுதப் பழக்குங்கள். யாருக்கு என்று நீங்கள் சொல்லிக்கொடுக்காமல் எப்படி என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள், அம்மம்மாவுக்கும் ஒரு தாள் இருக்கட்டும். எழுதும்போது பிழைத்துவிட்டால் பெட்டியில் போடாதீர்கள். தலைமை தாங்கும் அலுவலரிடம் கொடுத்து வேறு சீட்டுக் கேளுங்கள், தர வேண்டும்.

கண் தெரியாதவர், கை நடுங்குபவர் உதவியாளரைக் கூட்டிப் போகலாம். அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், கட்சி வேலை செய்பவராக இருக்கக் கூடாது. இதற்கான தகைமைச் சான்றிதழ்ப் படிவம் கிராம அலுவலரிடம் கிடைக்கும். வைத்தியரின் ஒப்பம் வேண்டும் என்பதால் கடைசி நாளுக்கு விடாதீர்கள்.

போய்ச் சேருவது

பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்க வேண்டும். வாக்காளர் அட்டை வராவிட்டால் கவலையில்லை, அது இல்லாமலும் வாக்களிக்கலாம். அடையாள அட்டை இல்லாவிட்டால் வாக்களிக்க முடியாது. தேசிய அடையாள அட்டை தொலைந்திருந்தால் செல்லுபடியாகும் கடவுச்சீட்டோ சாரதி அனுமதிப்பத்திரமோ போதும். அவையும் இல்லாதவர்கள், படத்தோடு, தேர்தல் ஆணைக்குழுவின் தற்காலிக அட்டைக்குக் கிராம அலுவலர் மூலம் நேரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். இடம்பெயர்ந்து இருக்கிறவர்கள் எந்த ஊர் இடாப்பில் பெயர் இருக்கிறது என்று முன்பே பாருங்கள், தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தை இட்டால் தெரியும். கிளிநொச்சி வன்னி நிலம்தான் என்றாலும் யாழ். தேர்தல் மாவட்டத்தில் சேரும். ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் ஒரே தொகுதி என்பதால் வாக்கின் மதிப்பு மாறாது.

2024 இல் வாக்களிப்பு காலை 7 முதல் மாலை 4 வரை. வேலிஓயாப் பக்கமோ மடுப் பக்கமோ காட்டு வழியில் பஸ் பார்த்து வருபவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். வேட்பாளரின் ஆட்கள் பிடித்துத்தரும் வானில் ஏறாதீர்கள், வாக்காளரை அப்படி ஏற்றிப் போவது தேர்தல் குற்றம். தகரமும் உலர் உணவுப் பொதியும் தருவது இலஞ்சம். வாங்கினவருக்கும் அது குற்றம்தான்.

கொழும்பில் கார்மென்டிலோ கடையிலோ வேலை செய்யும் பிள்ளைகள் சம்பளத்தோடு லீவு கேட்கலாம். தேர்தல் ஆணைக்குழு சொல்லும் அளவு: வாக்களிக்கும் இடம் 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். வவுனியாவோ முல்லைத்தீவோ கொழும்பிலிருந்து 150 ஐத் தாண்டும், எனவே இரண்டு நாள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் மேற்பார்வையாளர் மறந்துவிடுவார். எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்திருங்கள். மறுத்தால் அந்தப் பிரதியோடு மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம்.